நூறு வீட்டுச் சட்டை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் ஏதாவது சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவது, பால் பவுடரைக் கட்டி தட்டாமல் கரைப்பது, மாத அறிக்கையை எழுதுவது எல்லாம் பயிற்சியில் வந்திருக்கும். வராவிட்டாலும் வேலைக்குப் போன கொஞ்ச நாளில் தானாக வந்துவிடும். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு சின்னப் பிள்ளையின் சட்டையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒட்டுத் துணியில் தைத்த சட்டைக்கு இத்தனை பேச்சா என்று கேட்பவர்கள் கடைசிவரை படித்துவிட்டுக் கேட்கலாம்.

நான் கிராம சேவிகாவாக குன்றாண்டார்கோவில் பக்கம் வந்தபோது எங்களுக்குத் தனி ஜில்லா கிடையாது, திருச்சி ஜில்லாவில் இருந்தோம். பிளாக் ஆபீஸ் புதிது, அதிகாரி புதிது, நானும் புதிது. பழையது ஆபீஸ் ஜீப் ஒன்றுதான். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கூட்டி வைத்துப் பேச வேண்டும். நான் ரொம்ப ஆசையாகக் கட்டிக்கொடுத்த புகையில்லா அடுப்பில் ஒரு வீட்டுக் கோழி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. "கதகதன்னு இருக்குல்ல டீச்சரம்மா, அதான் அங்கிட்டுப் போயி ஒக்காந்துக்கிருச்சு" என்று அந்த வீட்டுக்காரி எனக்கு ஆறுதல் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. இப்போது நினைத்தால் அந்தக் கோழிக்காவது உபயோகப்பட்டதே என்று தோன்றுகிறது.

குன்றாண்டார்கோவிலுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். பேர் வேண்டாம், இந்தக் கதையில் வருகிறவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கூரைக் கொட்டகையில் வாரம் ஒருநாள் தையல் வகுப்பு நடத்தினேன். பெண்கள் வட்டமாக உட்காருவார்கள். ஒருத்தி மட்டும் தூணை ஒட்டித் தனியாக உட்காருவாள். பேர் பாக்கியம். மஞ்சள் பூசிய முகம், கண்டாங்கிச் சேலை, பேச்சு எல்லாம் மற்றவர்கள் மாதிரியே இருக்கும். முகம் மட்டும் சீனாக்காரர் முகம்.

பாக்கியம் மலாயாவில் பிறந்தவள். அங்கே ரப்பர் தோட்டங்களுக்கு அக்கம்பக்கத்தில் இருந்த ஏழைச் சீனக் குடும்பங்கள் சில, பெண் குழந்தை பிறந்தால் வளர்க்க முடியாமல் தமிழர் வீட்டில் கொடுத்துவிடுவதுண்டு. அப்படிக் கைக்குழந்தையாக வந்தவளை ஒரு தமிழ்க் குடும்பம் பேர் வைத்து, காது குத்தி, தைப்பூசத்துக்குத் தோளில் தூக்கிப்போய் வளர்த்தது. அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போயிருந்த பிச்சை என்பவன் அவளைக் கல்யாணம் செய்துகொண்டு, அங்கே சண்டையும் பயமுமாக இருந்த காலத்தில் ஊருக்குக் கூட்டிவந்துவிட்டான். பிச்சை இந்த ஊர்க்காரன், சொந்தபந்தம் உள்ளவன். ஆனால் பெண்டாட்டி எந்த ஊர், என்ன வகை என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. சண்டை போடவில்லை, விலக்கி வைக்கவில்லை, ஒதுங்கிக்கொண்டார்கள். பிச்சை வீட்டில் எருமை கறந்தது. ஆனாலும் பால் உறை ஊற்ற மோர் இல்லையென்றால், பெண்கள் அந்த வாசலைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போய் வாங்கி வருவார்கள். ஒரு ஊரில் ஒரு வீட்டை எப்படி நடத்துகிறார்கள் என்று தெரிய வேண்டுமா, அந்த வீட்டில் யார் உறைமோர் கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

வகுப்பில் வெட்டி விழும் துண்டுத் துணிகளை என்ன செய்வது என்று எனக்கு மேலிடத்திலிருந்து ஒரு யோசனை வந்திருந்தது. கைக்குட்டை தைத்துப் பூப் போடச் சொல்லியிருந்தார்கள். முந்தானை இருக்கும்போது கைக்குட்டை எதற்கு என்று பெண்கள் கேட்டார்கள். அப்போது தூணோரத்திலிருந்து பாக்கியம் சொன்னாள், அவள் ஊரில் பலசரக்குக் கடைச் சீனத்தியம்மா ஒருத்தி கந்தல் துணியை ஒரு துண்டு விடாமல் சேர்ப்பாளாம். கதவுப் பலகையில் கஞ்சி தடவித் துணிமேல் துணியாக ஒட்டி, வெயிலில் காயவைத்து உரித்தால் அட்டை மாதிரி வருமாம். அதை வெட்டிச் செருப்புக்கு அடிப்பாகம் தைப்பார்களாம். "செருப்பா? இந்த ஊருல எந்தப் பொம்பள செருப்புப் போடுறா?" என்று செல்லம்மா சிரித்தாள். செல்லம்மாவை நினைவில் வையுங்கள், பின்னால் வருவாள். வகுப்பில் அவள் கைதான் வேகம், வாயும் அப்படியே. ஆனால் அவளேதான் அடுத்த வாரம் அந்தத் துணி அட்டையைக் கிழிந்த முறத்துக்கு அடியில் வைத்துத் தைத்துக்கொண்டு வந்தாள். வெந்தயத்தோடு காகிதத்தை அரைத்து முறத்துக்குப் பூசுகிறவர்கள்தானே நாம், கந்தலின் அருமை தெரியாதவர்களா? அதற்கப்புறம் வகுப்பில் குப்பை என்று ஒன்று இல்லாமல் போனது.

பாக்கியத்துக்கு முதல் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. ஒன்று அக்கரையில், ஒன்று இங்கே வந்த பிறகு. மூன்றாவதாக ஆண் பிள்ளை பிறந்தது. பிறந்த கொஞ்ச நாளில் நான் எடை பார்க்கப் போனபோது, பெட்டியைத் திறந்து ஒரு பழைய சட்டையை எடுத்துக் காட்டினாள். உள்ளங்கை அகலத் துண்டுகளை ஒட்டித் தைத்தது, பாதி நீலம், மீதி என்ன நிறம் என்றே தெரியாமல் வெளுத்துப்போனது. பொத்தான்கூடத் துணியை முடிச்சுப் போட்டுச் செய்ததுதான். அவளைத் தமிழர் வீட்டில் கொடுத்தபோது அவள் உடம்பில் இருந்த சட்டை அது. பெற்றவள் முகம் அவளுக்குத் தெரியாது, மிச்சம் இருந்தது அந்தச் சட்டைதான்.

"இது நூறு வீட்டுச் சட்டை அக்கா. புள்ள பொறந்தா வீடு வீடாப் போயி, வேணாம்னு ஒதுக்கி வச்ச துணியில ஒரு துண்டு கேட்டு வாங்கணும். அத ஒண்ணாச் சேத்துத் தச்சுப் போட்டா அத்தன வீட்டுக்காரவுகளும் அந்தப் புள்ளைய ஆளுக்கொரு கை புடிச்சிருக்காகன்னு அர்த்தமாம். அந்தக் கடைச் சீனத்தியம்மாதான் சொன்னாக."

"இந்த ஊரில் நூறு வீடு ஏது?" என்றேன்.

"இருக்கிற வீடு போதுமாம். ஆனா ஒண்ணு, கேட்டு வாங்கணும். அவுக கையால குடுக்கணும். எடுக்கக் கூடாது."

மூடநம்பிக்கையை ஒழிப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. அதை நான் மறக்கவில்லை. ஆனால் துணி சுத்தமாக இருக்க வேண்டும், வெந்நீரில் அலசிவிட்டுத் தை என்று மட்டும் சொன்னேன். என் பழைய சேலையின் ஓரத்திலிருந்து ஒரு துண்டு கிழித்தும் கொடுத்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது எனக்குக் கூச்சமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

பாக்கியம் ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தெரு பார்க்காமல், வீடு பார்க்காமல் கேட்டாள். சிலர் கொடுத்தார்கள். நிறையப் பேர் "நாளைக்கு வா" என்றார்கள். நாளைக்குப் போனால் ஆள் இல்லை. அவர்கள் பயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் வந்து, உயிரோடு இருக்கும் பிள்ளைகளின் உடுப்பில் ஒரு துண்டு கேட்கிறாள். கொடுத்தால் தன் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பெற்றவள் பயப்படத்தானே செய்வாள்? பாக்கியம் வந்த இடத்தில் எது ஆசீர்வாதமோ அது இங்கே செய்வினை மாதிரி தெரிந்தது. இரண்டு பக்கமும் பிள்ளை மேல் உள்ள ஆசையில்தான் நின்றார்கள்.

கொஞ்ச நாள் கழித்துப் பிச்சை ஒரு மூட்டை நிறையத் துண்டுத் துணி கொண்டுவந்தான். "எங்க பங்காளி வீட்டுலெல்லாம் நானே கேட்டு வாங்கிட்டேன். நீ இனிமே அலையாத" என்று பெண்டாட்டியிடம் கொடுத்தான். பாக்கியத்துக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு என்னிடம் ஒவ்வொரு துண்டாகக் காட்டி இது அவர்கள் வீடு, இது இவர்கள் வீடு என்று பிச்சை சொன்னதையெல்லாம் ஒப்பித்தாள். கட்டம் போட்ட கைலி, வேட்டிக் கரை, பள்ளிக்கூடக் காக்கி, மெல்லிய வாயில் சேலை, மஞ்சள் குருவி போட்ட சீட்டித் துணி என்று அவள் கோத்திருந்த அழகை என்னவென்று சொல்வது! நிறத்துக்கு நிறம் இடித்தது, ஆனாலும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் நின்றது. நான் தையல் சொல்லிக்கொடுக்கப் போனவள். அந்தச் சட்டையைப் பார்த்த பிறகு அவளுக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒருநாள் காலையில் பால் பவுடர் டின்களை இறக்க ஜீப்பில் அந்த ஊருக்குப் போனேன். மதியத்துக்குள் ஜீப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும், அதிகாரி அதில்தான் கூட்டத்துக்குப் போகிறார். டிரைவர் ஊர் எல்லையிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பிச்சை வீட்டு வாசலில் ஊரே கூடியிருந்தது. நடுவில் செல்லம்மா, மடியில் அவள் மகள் ராசாத்தி. பிள்ளைக்குக் காய்ச்சல். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது, மூக்கு விடைத்திருந்தது, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. செல்லம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியம் பார்க்கப் போகாமல் இந்த வாசலில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சரம்மா, நீங்களே பாருங்க! அந்தச் சட்டையில குருவி போட்ட துணி இருக்குல்ல, அது எம்புள்ள கவுனுத் துணி. எங்கண்ணன் திருச்சியில எடுத்துக் குடுத்தது, இந்த ஊருல வேற ஒருத்திக்கும் கெடையாது. நான் குடுக்கவே இல்ல. கேட்டப்பவே நாளைக்கு வான்னு சொல்லிட்டேன். எங்கிட்டு இருந்து எடுத்தா? எம்புள்ள துணிய அவ புள்ளைக்குப் போட்டா எம்புள்ள ஆயுசு அங்கிட்டுத்தானே போகும்? அத எடுத்து என் கையில குடுக்காம எம்புள்ளைய இந்த எடத்த விட்டு அசைக்க மாட்டேன்!"

கூட்டத்தில் யாரோ ஒருவர் "சட்டையக் கொளுத்துங்கப்பா" என்றார். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. வாசல்நிலையில் கையை வைத்து மறித்துக்கொண்டு பிச்சை நின்றான். அவன் முகத்தில் ரத்தம் இல்லை. உள்ளே பாக்கியத்தின் பிள்ளை அழும் சத்தம் கேட்டது. டிரைவர் பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இப்படி ஒரு வாசல் வரும். துணிக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. பயிற்சியில் கற்ற வாக்கியங்கள் வரிசையாக நின்றன. ஆனால் அந்தப் பிள்ளையின் நெஞ்சைப் பார்த்தேன். நான் பேசி, அவர்கள் மறுத்து, நான் விளக்கி முடிப்பதற்குள் அது நின்றுவிடும் போலிருந்தது. அறிவு புகட்டுவது அடுத்த வாரமும் செய்யலாம். மூச்சு அடுத்த வாரம்வரை காத்திருக்காது. செல்லம்மா அசைய வேண்டுமானால் அந்தத் துண்டு வெளியே வர வேண்டும். ஆனால் அதை வெளியே எடுப்பது என்றால் பாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவள் பிள்ளையின் ஆயுசில் கத்திரி வைக்கச் சொல்கிறேன். ஒரு தாய்க்காக இன்னொரு தாயிடம் போய் இதைக் கேட்க வேண்டியிருந்தது.

"பிச்சை, கையை எடு" என்றேன். எடுத்தான். கதவைத் தட்டி, "பாக்கியம், நான்தான்" என்றேன்.

பிள்ளையோடு வெளியே வந்தாள். பிள்ளையின் மேல் அந்தச் சட்டை. கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. நான் எதையும் அழகுபடுத்தாமல், செல்லம்மா சொன்னதை மட்டும் சொன்னேன். "குருவித் துணியை அவள் கொடுக்கவில்லையாம்."

பாக்கியம் என்னைப் பார்க்கவில்லை, செல்லம்மாவைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். "குடுக்கலையா?"

பிச்சை தரையைப் பார்த்தான்.

"கேட்டு வாங்கினேன்னு சொன்னீக."

"டைலர் கடையில தச்ச மிச்சம் புள்ள. தலகாணிக்கு அடைக்க வச்சிருந்த சாக்குல இருந்து அள்ளிட்டு வந்தேன். யாரு வீட்டுத் துணின்னு எனக்கென்ன தெரியும்? வாயில வந்த வீட்டையெல்லாம் சொன்னேன். நீ கதவு கதவாப் போயி நிக்குறத என்னால பாக்க முடியல." அவன் பிள்ளையின் காலைத் தொட்டான். "எனக்கு முன்னாடி ரெண்டு தங்கலன்னு எங்க ஆத்தா வீடு வீடாப் போயி அரிசி கேட்டு வாங்கி, பொங்கிச் சாப்புட்டுத்தான் எனக்குப் பிச்சைன்னு பேரு வச்சா. பள்ளிக்கூடத்துல அந்தப் பேரச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாய்ங்க. எம்புள்ளைய யாரும் அப்புடிச் சிரிக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

அவன் ஆத்தாவுக்கு அரிசி போட்ட வீட்டுக்காரர்கள் அங்கேதான் நின்றார்கள்.

பாக்கியம் அழுவாள், எங்களைத் திட்டுவாள், சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் அவசர அவசரமாகப் பிள்ளையின் உடம்பிலிருந்து அந்தச் சட்டையைக் கழற்றினாள், நெருப்புப் பட்டதைக் கழற்றுவது போல. பிள்ளையைப் பிச்சையின் கையில் திணித்தாள்.

"அக்கா, கத்திரி குடுங்க. குடுக்காத துணி எம்புள்ள மேல இருக்கக் கூடாதுக்கா. இத்தன நாளு போட்டு வச்சிருந்தேனே!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. செல்லம்மாவுக்கு அந்தத் துணி திரும்பி வர வேண்டும், பாக்கியத்துக்கு அந்தத் துணி திரும்பிப் போக வேண்டும். எதிரும் புதிருமாக நின்ற இரண்டு பேரும் ஒன்றையேதான் கேட்டார்கள். நடுவில் பஞ்சாயத்துப் பண்ணப் போன நான்தான் அதைக் கடைசியில் தெரிந்துகொண்டேன்.

தையல் பையிலிருந்து கத்திரியைக் கொடுத்தேன். அவள் துணியை வெட்டவில்லை. நூலை மட்டும் வெட்டிப் பிரித்தாள். குருவித் துண்டு ஒரு நூல்கூடப் பிசிராமல் முழுசாக வந்தது. அதைச் செல்லம்மாவிடம் இரண்டு கையாலும் நீட்டினாள்.

"நான் எடுக்கலக்கா. கேட்டு வாங்குனதுன்னு நெனச்சுத் தச்சேன். தப்பா எடுத்துக்காதீக. புள்ளையத் தூக்குங்க, போங்க."

செல்லம்மா வாங்கினாள். வெடுக்கென்று பிடுங்காமல் வாங்கினாள் என்பதை நான் பார்த்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"கீரனூர் ஆஸ்பத்திரிக்கு" என்றேன் டிரைவரிடம்.

"அம்மா, அய்யாவுக்குக் கூட்டம் இருக்கு. என்னை வேலைய விட்டுத் தூக்கிருவாரு."

"என்னையும் சேர்த்துத் தூக்கட்டும். இரண்டு பேருமாக வேறு வேலை தேடலாம். எடுங்கள் வண்டியை."

ஜீப் திரும்பும்போது பார்த்தேன், பாக்கியம் மண்ணில் உட்கார்ந்து மீதித் துண்டுகளையும் பிரித்துக்கொண்டிருந்தாள். கைலி, வேட்டிக் கரை, காக்கி என்று சாக்கிலிருந்து வந்த எல்லாவற்றையும் பிரித்தாள். பிச்சை பிள்ளையை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

ராசாத்திக்கு நெஞ்சில் சளி கட்டி நிமோனியா. டாக்டர் பென்சிலின் ஊசி போட்டுப் படுக்கையில் சேர்த்தார். நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்றார். அந்தப் பிள்ளை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டபோது நானும் செல்லம்மாவும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதோம். கூட்டத்துக்குப் பஸ்ஸில் போக நேர்ந்த அதிகாரி என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். கொடுத்தேன். அவரும் பிள்ளைகுட்டிக்காரர், அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. டிரைவரின் வேலையும் போகவில்லை. ஜீப்பை எடுத்ததற்காக நான் எவ்வளவு திட்டு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன், நீங்களும் இருங்கள்.

அடுத்த தடவை போனபோது பாக்கியம் அந்தச் சட்டையைக் காட்டினாள். அதைச் சட்டை என்று சொல்ல முடியாது. ஒரு கை, கொஞ்சம் முதுகு, நடுவே என் வெள்ளைத் துண்டு. மிச்சமெல்லாம் வெறும் இடம். அவள் கேட்டு, அவர்கள் கையால் கொடுத்தது அவ்வளவுதான். எனக்கு மனசு கனத்தது. பயிற்சி நிலையத்தில் நல்ல துணித் துண்டுகள் நிறையக் கிடக்கும், கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாங்க்கா. அவுக வாங்கிட்டு வரப் போயிருக்காக" என்றாள்.

பிச்சை போயிருந்தான். அதே மஞ்சள் பை. ஒவ்வொரு வாசலிலும் நின்று, "டைலர் கடையில எடுத்துட்டு வந்து பொய் சொல்லிட்டேன். இப்ப முறையாக் கேக்குறேன். மனசு இருந்தா ஒரு துண்டு குடுங்க" என்று கேட்டானாம். சிலர் சிரித்திருக்கிறார்கள். பேரைச் சொல்லியே சிரித்திருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே உள்ளே போய்த் துணி எடுத்து வந்திருக்கிறார்கள். "ஒங்காத்தாளுக்கு நாழி அரிசி போட்டது எங்க மாமியாதாண்டா" என்று ஒரு வீட்டில் பழைய பட்டுச் சேலையின் கரையையே கொடுத்திருக்கிறார்கள். எந்தச் சிரிப்புக்குப் பயந்து சாக்கில் கைவிட்டானோ, அந்தச் சிரிப்பின் நடுவிலேயே போய் நின்றுவிட்டு வந்தான். எனக்கு அவன் மேல் இருந்த கோபமெல்லாம் அன்றைக்குப் போய்விட்டது.

சட்டை மெதுவாக நிரம்பியது. நெஞ்சுப் பக்கம் ஒரு இடம் மட்டும் காலியாக இருந்தது. அது குருவித் துண்டு இருந்த இடம். வேறு துணி வைத்துத் தைக்கலாமே என்றேன். "அது அவுக எடம்க்கா. குடுத்தாத் தைப்பேன். குடுக்கலன்னா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். அந்த ஓட்டையோடே பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு தவழ்ந்தது. செல்லம்மா வகுப்புக்கு வந்தாள், பாக்கியத்தோடு சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. ஏதாவது சொல்லிச் சேர்த்துவைக்கலாமா என்று எனக்குக் கை பரபரத்தது. சும்மா இருந்தேன். இந்த உத்தியோகத்தில் எனக்குக் கஷ்டமாக இருந்தது அப்படிச் சும்மா இருந்ததுதான்.

சட்டை சிறுத்துப்போய்ப் பாக்கியம் அதை மடித்துப் பெட்டியில் வைத்த பிறகு, செல்லம்மாவுக்கு ஒரு ஆண் பிள்ளை பிறந்தது. நான் பாக்கியத்தின் பிள்ளையை எடை பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில், வாசலில் நிழல் தெரிந்தது. செல்லம்மா. இடுப்பில் பச்சைப்பிள்ளை, கையில் ஒரு பை. உள்ளே வராமல் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"எம்புள்ளைக்கும் ஒரு சட்ட தைக்கலாம்னு இருக்கேன்" என்றாள், என்னைப் பார்த்து. பிறகு பாக்கியத்தின் பக்கம் திரும்பினாள். "ஒங்க வீட்டுல ஒரு துண்டு குடு."

பாக்கியம் அப்படியே நின்றாள். "எங்கிட்டயா கேக்குறீக?"

"வேற யாருகிட்ட? ஊருல எல்லா வீட்டுலயும் கேக்குறேன், ஒங்க வீடு மட்டும் இல்லையா?"

பாக்கியம் உள்ளே போனாள். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் இருந்தது மகனின் சட்டை இல்லை. அவளோடு அக்கரையிலிருந்து வந்த, அவளைப் பெற்றவள் தைத்த நீலச் சட்டை. நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் ஒரு துண்டின் நூலைப் பிரித்துவிட்டாள். வெளுத்த நீலத் துண்டு, உள்ளங்கை அகலம். அதைச் செல்லம்மாவின் பையில் போடாமல் கையில் வைத்தாள்.

செல்லம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாருடைய துணி என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மஞ்சள் குருவி. அதைப் பாக்கியத்தின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். சட்டை சிறுத்துப்போய்விட்டதே, இனி எதற்கு என்று இரண்டு பேரும் சொல்லவில்லை.

படி இறங்கிப் போனவள் தெருவில் நின்று திரும்பினாள்.

"பாக்கியம், எங்க வீட்டுல மோரு புளிச்சுப் போச்சு. கொஞ்சம் உறைமோரு இருந்தா ஊத்து. ஏனத்தோட இந்தா வாரேன்."

பாக்கியம் எனக்கு முகத்தைக் காட்டாமல், அடுப்படிக்குள் உறியை எட்டப் போனாள்.